'பொறுல மக்கா': மூணு வருசம் போட்ட ஒரு டி-சர்ட்

மூணு வருசத்துக்கு முன்னால் ஆன்லைனில் 499 ரூபாய்க்கு வாங்கிய கறுப்பு டி-சர்ட். நெஞ்சில் 'கொஞ்சம் காத்திரு' என்று பழைய விண்டோஸ் காட்டும் மணல்கடிகாரம், அன்றைக்குத் திரையில் தெரிந்த மாதிரியே சின்னச் சின்னச் சதுரங்களாக. கீழே அதே சதுர எழுத்தில் 'பொறுல மக்கா'. 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்து மணல்கடிகாரத்தை எடுத்துவிட்டு நீல வளையத்தைச் சுற்ற விட்டதால், என் மகளுக்கு இது என்னவென்றே தெரியவில்லை. "சுடலைமாடன் கோயில் உடுக்கையாப்பா?" என்றாள்.

எனக்கு அது பாளையங்கோட்டை பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்பு, கீச்சிடும் மோடம், மணிக்கு 30 ரூபாய். ஒரு படம் மேலிருந்து கீழே இறங்குவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். யாஹூ அரட்டையில் பழக்கமான கனடா அக்கா ஒருவருக்கு முதல் மெயில் போட்டேன். தமிழை ஆங்கில எழுத்தில், அதுவும் கேப்ஸ் லாக்கை அணைக்கத் தெரியாமல். பதில் வந்தது: "தம்பி, எல்லாம் பெரிய எழுத்தில அடிச்சால் கத்துற மாதிரி இருக்கும். கோவிக்காதேங்கோ." அப்புறம் தமிழில் அடிக்க டிஸ்கி என்ற எழுத்துருவை எப்படி இறக்குவது, எந்த ஃபோல்டரில் போடுவது என்று மூணு நீள மெயில். முகம் தெரியாத ஒருத்தனுக்கு!

1995 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1855 என்ற இணைய நடத்தைக் குறிப்பை ரொம்பப் பிந்தித்தான் படித்தேன். அக்கா சொன்ன பெரிய எழுத்துச் சங்கதி அதில் இருக்கிறது. உணர்ச்சிவசப்பட்டு எழுதிய பதிலை ஒரு ராத்திரி கழித்து அனுப்பு என்றும் இருக்கிறது. நம் நாட்டில் அப்போதைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்ததும் அதே வருசம் ஆகஸ்ட் 15-ல்தான். அதற்காக அப்போது எல்லோரும் தங்கம் என்று சொல்ல மாட்டேன். அரட்டையில் கெட்ட வார்த்தைக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் திட்டுவதற்கும் மணிக்கு 30 ரூபாய் ஆனது.

சரி, சட்டைக்கு வருவோம். பருத்தித் துணி, உறுத்தாது. முதல் சலவையில் நீளம் அரை இஞ்ச் சுருங்கியது. ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். சித்திரை வெயிலுக்குக் கறுப்பு ஆகாது, வண்ணார்பேட்டையில் பஸ் ஏறுவதற்குள் முதுகில் உப்புப் பூத்துவிடும். எங்கள் போர் தண்ணீரில் ஒரு வருசத்துக்குள் சாம்பல் நிறமாகிவிட்டது. பிரிண்ட் மட்டும் அசையவில்லை, தேய்க்கிற அண்ணாச்சி கரிப்பெட்டியை நேராக அதன்மேல் வைக்கும்வரை. உள்பக்கம் திருப்பிக் கொடுக்காதது என் தப்புதான். 'க்' எழுத்தின் புள்ளி பெட்டியோடு போய்விட்டது. 'பொறுல மககா' ஆனது.

சாயங்காலம் இருட்டுக்கடை அல்வா வரிசையில் இதைப் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. பின்னாலிருந்து முண்டிய பெரியவர் ஒருவர் வாசித்துவிட்டு, "சட்டைல எழுதிட்டா பொறுத்துருவோமாக்கும்?" என்றார். இருந்தும் கொஞ்சம் தள்ளி நின்றார்.

எனக்குப் பலித்ததா என்றால், பாதி. போன மாசம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பாவுக்குச் சூடாகப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன், இதே சட்டையோடு. மகள் ஒன்றும் பேசாமல் என் நெஞ்சைக் காட்டினாள். காலையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று வைத்தேன். காலையில் பார்த்தால் இரண்டு வரிதான் தேறியது, அதையும் அனுப்பவில்லை.

காலர் தளர்ந்துவிட்டதால் இப்போது அவள் ராத்திரி போட்டுக்கொள்கிறாள். வெள்ளை ஃபேப்ரிக் பெயிண்டால் புள்ளியை அவளே வைத்துவிட்டாள். மணல்கடிகாரத்தைவிடக் கொஞ்சம்தான் சின்னது.