டிராகனா, ஃபோக்போட்டா? ஒரே வேண்டுதலுக்குக் கிடைத்த இரண்டு படகுகள்

பழைய பாய்மரப் படகுகளில் மனம் போனவர்களிடையே ஓயாமல் நடக்கும் வழக்குகளில் ஒன்று இது: டிராகன் உயர்த்தியா, ஃபோக்போட் உயர்த்தியா? பிறந்த கதையைப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய உடன்பிறப்புகள். 1929-இல் சுவீடனின் கோத்தன்பர்க் ராயல் யாட் கிளப் ஒரு வடிவமைப்புப் போட்டி வைத்தது. இளைஞர்கள் வாங்கக்கூடிய விலையில், சனி ஞாயிறுகளில் தீவுகளுக்கிடையே போய் இரவு தங்கிவரத் தோதான, பந்தயத்துக்கும் உதவும் ஒரு படகு வேண்டும் என்றது. அதில் வென்றது டிராகன். அடுத்த பதின்மூன்று ஆண்டுகளுக்குள் ஸ்காண்டிநேவியப் படகுப்பந்தய ஒன்றியம் கிட்டத்தட்ட அதே கோரிக்கையோடு இன்னொரு போட்டி வைக்க நேர்ந்தது. அதன் விளைவு ஃபோக்போட். முதல் படகு சொன்ன வேலையைச் செய்திருந்தால் இரண்டாவது போட்டிக்குத் தேவையே வந்திருக்காது என்பது என் கட்சி.

டிராகனை வரைந்தவர் நார்வேக்காரர் யோஹான் ஆங்க்கர். 1912 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 1928-இல் பட்டத்து இளவரசர் ஓலாவுடன் ஒரே படகில் போய் மறுபடியும் தங்கம் வென்றவர். அப்படிப்பட்டவர் கையில் மலிவுப் படகைக் கேட்டால் என்ன வரும்? 8.9 மீட்டர் நீளம், இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம், 1,700 கிலோ எடை. அதில் ஏறத்தாழ 1,000 கிலோ அடியில் தொங்கும் பாரம் மட்டுமே. அணியமும் (முன்முனையும்) பின்பக்கமும் நீரைத் தொடாமல் நீண்டு நிற்கும். கரையில் நின்று பார்ப்பவர் கண்ணை அந்த வளைவு விடாது. அழகைப் பொறுத்தவரை இந்த ஒப்பீட்டில் போட்டியே கிடையாது, டிராகன் வென்றுவிட்டது.

ஃபோக்போட்டை வரைந்தது ஒரு தனிக் கை அல்ல. போர்க்காலத்தில் நடந்த அந்தப் போட்டிக்கு 58 வரைபடங்கள் வந்தன. எதுவும் முழுமையாகத் தேறவில்லை. நடுவர்கள் நல்ல சிலவற்றைப் பொறுக்கி, அவற்றின் சிறப்புகளை ஒன்றுசேர்க்கும் வேலையை டோர்ட் சுண்டேன் என்பவரிடம் கொடுத்தார்கள். கப்பல் முதலாளி ஸ்வேன் சலேன் பின்னால் நின்று திட்டத்தை நகர்த்தினார். 1942 ஏப்ரல் 23 அன்று கோத்தன்பர்க்கின் ஆரெண்டால் துறையில் முதல் படகு நீரில் இறங்கியது. குழு கூடிச் செய்த காரியம் உருப்படாது என்று சொல்வார்கள். இது அருமையாக உருப்பட்டது. வருத்தம் ஒன்றே: படைத்தவர் என்ற பெயர் யாருக்கு உரியது என்பதில் பல ஆண்டுகள் மனக்கசப்பு நீடித்தது. சுண்டேன் பிறகு 1960-களில் தன் பெயரிலேயே அதன் ஃபைபர் வாரிசு ஒன்றை வரைந்தார். இன்டர்நேஷனல் ஃபோக்போட் என்பதைச் சுருக்கி ஐஎஃப் என்று அழைக்கப்படும் அந்தப் படகும் ஆயிரக்கணக்கில் விற்றது.

அளவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஃபோக்போட் 7.68 மீட்டர்தான், டிராகனைவிட ஒரு மீட்டருக்கும் மேல் குட்டை. ஆனால் நிமிர்ந்து மிதக்கும்போது இரண்டும் நீரைத் தொடும் நீளம் ஏறத்தாழ ஒன்று, ஆறு மீட்டர் சுமார். நீருக்கடியில் இறங்கும் ஆழமும் ஒன்று, 1.2 மீட்டர். அகலத்தில் ஃபோக்போட் 2.2 மீட்டர், எடையும் கூடுதல், 1,930 கிலோ. பாய்ப் பரப்பு டிராகனுக்கு 27.7 சதுர மீட்டர், ஃபோக்போட்டுக்கு 24. டிராகன் காற்றில் சாயும்போது அந்த நீண்ட முனைகள் நீரில் அமர்கின்றன. படகு ஓடும்போதே நீளமாகிறது, வேகமும் கூடுகிறது. ஃபோக்போட்டில் அந்த வித்தை இல்லை. வெட்டினாற்போன்ற பின்பலகை, அதன் வெளிப்பக்கம் சாய்வாகத் தொங்கும் சுக்கான், அவ்வளவுதான். சுக்கானில் பழுது வந்தால் வெளியிலிருந்தே கழற்றலாம்.

பலகை அடிக்கும் முறையிலும் இருவேறு குணம். டிராகனில் பலகைகள் விளிம்போடு விளிம்பு பொருந்தி வழவழவென்று இருக்கும்; கை தேர்ந்த தச்சர் வேண்டும். ஃபோக்போட்டில் ஓட்டுக்கூரையைப் போல ஒரு பலகையின் விளிம்பு அடுத்ததன்மேல் ஏறி நிற்கும், செப்பு ஆணிகள் இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும். ஸ்காண்டிநேவிய மீனவர் காலங்காலமாகக் கட்டிய முறை அது. ஊருக்கு ஊர் அதற்குத் தச்சர் இருந்தார்கள். 1970-களில் ஃபைபர் வந்தபோது இரு வகுப்புகளும் (ஒரே வடிவப் படகுகள் தமக்குள் பந்தயம் போகும் பிரிவுகள்) அதை ஏற்றுக்கொண்டன, பழைய மரப்படகுகள் செல்லாக்காசாகிவிடாதபடி கவனமாகவே. டிராகனுக்கு டென்மார்க்கின் படகு கட்டுநர் பேர்யே பேரெசென் அந்த வழியைத் திறந்துவைத்தார். ஃபோக்போட்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஃபைபர் அச்சிலும் பலகை அடுக்குகளின் வரிகளை அப்படியே வார்த்தார்கள். தேவையற்ற அலங்காரம் என்று சிரிப்பவர்கள் உண்டு. நீரில் அந்த வரிகள் படகின் நடத்தையையே மாற்றும் என்பதால், மரமும் ஃபைபரும் ஒரே கோட்டில் நின்று பந்தயம் போக அது அவசியமாக இருந்தது.

இனி, இரண்டும் பிரிந்த இடம். டிராகனுக்கு முதலில் உள்ளே இரண்டு படுக்கைகள் இருந்தன. பந்தயம் அதைத் தன் பக்கம் இழுத்தது. 1937-இல் ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றுக் கிளப்புகள் ஒரு தங்கக் கோப்பையை வைத்தன. போருக்குப் பிறகு பெரிய முன்பாயும், பின்காற்றில் பலூன்போல் விரியும் ஸ்பின்னக்கர் பாயும் சேர்ந்தன. 1948 முதல் 1972 வரை ஏழு ஒலிம்பிக்குகள். நார்வேயின் தோர் தோர்வால்ட்சென் முதல் இரண்டையும் வென்றார். 1960-இல் நேப்பிள்ஸில் கிரேக்க இளவரசர் கான்ஸ்டன்டைன் தங்கம் வென்றார். கிரேக்கத்துக்கு 1912-க்குப் பிறகு கிடைத்த முதல் தங்கம் அது. 1948-இல் பிரிட்டிஷ் இளவரசி எலிசபெத்துக்கும் பிலிப்புக்கும் திருமணப் பரிசாக வந்த புளூபாட்டில் என்ற டிராகன் 1956-இல் வெண்கலம் கண்டது. ஸ்பெயினின் யுவான் கார்லோஸ் 1972-இல் டிராகனில் போட்டியிட்டார். இளைஞர்களின் மலிவுப் படகு அரண்மனைகளின் படகாயிற்று. படுக்கைகள் போய்விட்டன. இன்றைய டிராகனில் பாய்மரத்தின் பின்னால் ஒரு குட்டிக் கூரை மட்டும் மிச்சம். அதன் அடியில் ஆள் படுப்பதில்லை, பாய்ப் பைகள் கிடக்கின்றன. படுக்கைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டவை கயிறுகள்: பாய்மரத்தையும் அதன் பக்கக் கயிறுகளையும் ஓடும்போதே இறுக்கவும் தளர்த்தவும் ஒரு பெரும் கூட்டம்.

ஃபோக்போட்டின் விதிப்புத்தகம் பிடிவாதக்காரர். ஸ்பின்னக்கர் கிடையாது, பெரிய முன்பாய் கிடையாது. முன்பாய் ஏழு சதுர மீட்டர்தான், கை வலிக்காமல் இழுக்கலாம். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, ஆனால் படுக்கலாம், சமைக்கலாம். ஒலிம்பிக் பக்கம் அது போகவே இல்லை. அதனால் நட்டம் என்ன? பதக்கம் இல்லை, புகழ் குறைவு. ஆனால் காற்றுக்குப் பேர்போன சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இன்றைக்கும் ஃபோக்போட் கூட்டமாகப் பந்தயம் ஓடுகிறது.

அதன் பெரிய புகழ் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1960-இல் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்குத் தனியாளாக அட்லாண்டிக்கைக் கடக்கும் முதல் பந்தயம். புறப்பட்டவர் ஐவர், அவர்களில் இருவர் ஃபோக்போட்டில். ஒருவர் வால் ஹவெல்ஸ். மற்றவர் அந்தப் பந்தயத்தைக் கற்பனை செய்தவரே, பிளாண்டி ஹாஸ்லர். போரின்போது சிறு துடுப்புப் படகுகளில் போய் போர்தோ துறைமுகத்தில் எதிரிக் கப்பல்களுக்கு வெடி வைத்த படைக்குத் தலைவர் அவர். ஜெஸ்டர் என்ற அவருடைய படகு, ஃபோக்போட்டின் உடலில் சீனப் பாணிப் பாயை ஏற்றியது. ஆட்கள் உட்காரும் பின்பக்கத் திறந்த பள்ளத்தை மூடித் தளமாக்கி, நடுவில் ஒரு வட்ட வாய் வைத்தார். அதில் இடுப்பளவு நின்றபடி எல்லாக் கயிறுகளையும் இழுக்கலாம். பாயைச் சுருக்க மேல்தளத்துக்கே வரவேண்டியதில்லை. பல மீட்டர் பெரிய படகில் போன பிரான்சிஸ் சிசெஸ்டர் 40 நாளில் முதலில் சேர்ந்தார். ஜெஸ்டர் 48 நாளில் இரண்டாவது. டிராகனில் இப்படி ஒரு பயணத்தை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டேன். அந்த அகன்ற திறந்த பள்ளத்தில் ஒரு பெரிய அலை ஏறினால், படகை மூழ்கடிக்கும் மிச்ச வேலையை அடியில் தொங்கும் 1,000 கிலோ பார்த்துக்கொள்ளும். பிற்கால ஃபைபர் டிராகன்களில் முன்னும் பின்னும் காற்றறைகள் வைத்தது இந்தப் பயத்தால்தான்.

டிராகனை இதோடு தள்ளிவிடுவதும் நியாயமில்லை. 1972-க்குப் பிறகு ஒலிம்பிக் அதைக் கைவிட்டு, இன்னொரு நார்வேக்காரர் யான் லிங்கே வரைந்த சோலிங் என்ற படகை வைத்துக்கொண்டது. சோலிங்கும் 2000-க்குப் பிறகு வெளியேறியது. வேறு வகுப்பாக இருந்தால் அத்தோடு பெட்டியைக் கட்டியிருக்கும். டிராகனோ ஒலிம்பிக் இல்லாமலேயே செழித்தது. தங்கக் கோப்பைக்கு இன்றும் பல நாட்டுப் படகுகள் வரிசை கட்டுகின்றன. எதிர்க்காற்றில் ஏறிப்போகும் கூர்மையில் ஃபோக்போட் அதன் அருகே வராது. மூன்று பேர் ஒருமித்த கையாக வேலை செய்யும் குழு, பணத்தட்டுப்பாடு இல்லை, பந்தயமே நோக்கம் என்றால் டிராகனை எடுங்கள், யோசிக்க வேண்டாம்.

மற்ற எல்லோருக்கும் ஃபோக்போட். பழைய மரப்படகு என்றால் வாங்குமுன் தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். முதலில் அடிப்பாரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள்; இரும்பாக இருந்து துரு கசிந்திருந்தால் ஒன்றையாவது உருவிக் காட்டச் சொல்லுங்கள். அடுத்து வங்குகள் (படகின் விலா எலும்பு போன்ற வளைந்த சட்டங்கள்), உடல் வளையும் இடத்தில் குறுக்கு விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு பாய்மரம் ஊன்றிய அடி. மழைநீர் தங்கி மரம் ஊறிப்போகும் இடம் அது. வருடக்கணக்கில் கரையில் காய்ந்த படகு நீரில் இறக்கிய முதல் நாள் ஒழுகத்தான் செய்யும். பலகை ஊறி இறுகியதும் நின்றுவிடும். நான்கைந்து நாளாகியும் நிற்கவில்லை என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.