டேட்டா.கவ்.எஸ்ஜி யூஸ் பண்ணி பாத்தாச்சு, 5க்கு 4

பிரியாணி கடைக்கும் போன் கவர் விக்கிற கடைக்கும் பக்கம் பக்கமா ரிவ்யூ போடுறோம், சிங்கப்பூர் கவர்மெண்ட் தன்கிட்ட இருக்கற டேட்டாவ எல்லாருக்கும் தொறந்து வெச்சிருக்கற இந்த வெப்சைட்டுக்கு (data.gov.sg) எவனும் போடமாட்டேங்குறான், சரி நான் போடுறேன்.

போன வருஷம் யீஷூன்ல நாலு ரூம் ரீசேல் வீடு ஒண்ணு, அதாவது ஏற்கெனவே ஒருத்தர் வெச்சிருந்து விக்கிற வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, பாக்கப் போனோம். ஏஜண்டு நம்மாளுதான், வாய் நிறைய தம்பி தம்பின்னு பேசினாரு. "560,000 வெள்ளி கேக்குறாங்க தம்பி, பக்கத்துல எல்லாம் இதுக்கு மேலயே போயிருச்சு, இன்னைக்கு ஆப்ஷன் (வாங்குற உரிமைக்கு முன்பணம்) போட்டா புடிச்சிரலாம்"னாரு. வைஃப் பால்கனி ஜன்னல்ல நின்னு திரைச்சீலை கலரே முடிவு பண்ணிட்டா. கூட வந்த அக்கா பையன், பாலிடெக்னிக்ல ஐடி படிக்கிறவன், லிஃப்ட்ல இறங்கும்போது போன நோண்டிக்கிட்டே சொன்னான், "மாமா, இந்த பிளாக்ல கடைசியா வித்த நாலு ரூம் வீடு மூணும் 530,000 தாண்டல."

எங்கடா பாத்தேன்னா அப்பதான் இந்த சைட்ட காட்டுனான். 2011லேர்ந்து இருக்காம், நான் பேர கேள்விப்பட்டதோட சரி. வீவக ரீசேல் விலை மொத்தமும் 1990லேர்ந்து கிடக்கு. எந்த டவுன், எந்த பிளாக், எந்த ரோடு, எத்தன சதுர மீட்டர், லீஸ் (வீட்டோட குத்தகை) எந்த வருஷம் ஆரம்பிச்சுது, எவ்வளவுக்கு போச்சு எல்லாம் இருக்கு. லாகின் கேக்கல, கவர்மெண்ட் சேவைக்கு நுழையுற சிங்பாஸும் கேக்கல, டவுன்லோட் அமுக்குனா எக்செல்ல தொறக்குது. வீட்டு நம்பர் மட்டும் இருக்காது, மாடியும் 10லேர்ந்து 12ன்னு மூணு மூணாதான் சேத்து போட்டிருக்கும். அதுவும் சரிதான், என் வீட்ட நான் எவ்வளவுக்கு வாங்குனேன்னு எதிர்வீட்டு ஆண்ட்டிக்கு எதுக்கு தெரியணும்.

இதுல என்ன பெருசுன்னா, ரீசேல்ல வேல்யூவேஷனுக்கு (வீட்டுக்கு போடுற அதிகாரபூர்வ மதிப்புக்கு) மேல போற காசு சிபிஎஃப் சேமநிதியிலயும் வராது லோன்லயும் வராது, கையிலேர்ந்து ரொக்கமா எடுத்து வெக்கணும். அந்த 30,000 யார் வீட்டு காசு? வீவக சைட்லயும் விலை பாக்கலாம், இல்லேங்கல, ஆனா மொத்தமா இறக்கி நம்ம இஷ்டத்துக்கு வடிகட்டணும்னா இதுதான் வசதி. நான் அந்த லிஸ்ட பிரிண்ட் போட்டு கோப்பிக்கடையில ஏஜண்டு முன்னாடி வெச்சேன். அவரு கோப்பிய ரெண்டு தடவ கலக்குனாரு. கடைசியில 534,000க்கு முடிஞ்சுது.

விலை மட்டும்னு நினைக்காதீங்க. அடுத்த ரெண்டு மணி நேர வானிலை, கார்பார்க்ல எத்தன லாட் காலி, இப்ப எத்தன டாக்சி ஆளில்லாம ஓடுது, புகைமூட்ட சீசன்ல பிஎஸ்ஐங்கற காத்து மாசு அளவு, எல்லாம் ஏபிஐயாவே, அதாவது ஆப் நேரா எடுத்துக்கற மாதிரியே வருது. ஓப்பன் டேட்டா லைசென்ஸ் இருக்கறதால ஆப் பண்ணி சம்பாதிக்கவும் தடை இல்ல.

குறைன்னு பாத்தா, சைட் முழுக்க இங்கிலீஷ்தான், எங்கம்மா மாதிரி ஆளுங்களுக்கு யாராச்சும் பக்கத்துல உக்காந்து படிச்சு சொல்லணும். இன்னொன்னு, விலை டேட்டா அஞ்சு ஃபைலா பிரிஞ்சு கிடக்கு, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாது. பழைய ஃபைல்ல மிச்ச லீஸ் காலமே கிடையாது, 2015-16 ஃபைல்ல வெறும் வருஷம், 2017க்கு அப்புறம் வருஷமும் மாசமும் எழுத்துல. வீட்டு மாடல் பேரு ஒரு ஃபைல்ல முழுக்க பெரிய எழுத்து, இன்னொண்ணுல சின்ன எழுத்து. 2017க்கு அப்புறம் உள்ளதே 2 லட்சம் வரிக்கு மேல, கையால சரி பண்ண நினைச்சா பைத்தியம் புடிக்கும்.

ஆனா அக்கா பையன் வாழ்க்கைய திருப்புனது அந்த குப்பைதான், அதுதான் வேடிக்கை. அஞ்சையும் சேத்து சுத்தம் பண்ணி, லீஸ் குறையக் குறைய விலை எப்படி இறங்குதுன்னு ஒரு சின்ன பக்கம் பண்ணி, புரோகிராம் கோட மொத்தமா கிட்ஹப்ல, எவனும் பாக்கற மாதிரி போட்டுட்டான். அரசாங்கமே ஃபார்ம்எஸ்ஜிங்கற தன்னோட ஆன்லைன் படிவ சேவை கோட கிட்ஹப்ல தொறந்து வெச்சிருக்கு, அத படிச்சுதான் நான் எழுதக் கத்துக்கிட்டேன்ங்கறான். அப்புறம் கேரியர்ஸ் அட் கவ்ங்கற கவர்மெண்ட் வேலை சைட்ல இண்டர்ன்ஷிப்புக்கு போட்டான். 16 அமைச்சு, 50க்கு மேல அரசாங்கக் கழகம், எல்லாம் ஒரே எடத்துல தேடலாம். எந்த அலுவலகம்னு சொல்லல, ஒரு எடத்துல கூப்பிட்டாங்க. மார்க் ஷீட்ட ஒரு நிமிஷம் பாத்துட்டு, "அந்த மிச்ச லீஸ் கணக்க எப்படி சரி பண்ணே?"ன்னு முக்கால் மணி நேரம் அதுலயே ஓட்டிட்டாங்களாம். எங்க காலத்துல கவர்மெண்ட் வேலைன்னா சர்டிபிகேட் ஃபைல், டை, அப்பாவோட பழைய பாஸ் சிபாரிசு லெட்டர். இவன் டீ சர்ட்ல போயிட்டு வந்தான், எடுத்துக்கிட்டாங்க.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, சிங்கப்பூர்ல தகவல் உரிமைச் சட்டம்னு ஒண்ணு கிடையாது. அவங்க வெச்சதுதான் தட்டுல, இன்னும் கொஞ்சம் போடுங்கன்னு சட்டப்படி கேட்டு வாங்க முடியாது. வெச்ச வரைக்கும் நல்லா இருக்கு, அத மறுக்கல.

ஏஜண்டு தீபாவளிக்கு வாட்ஸ்அப்ல வாழ்த்து அனுப்பிட்டு கீழ ஒரு வரி போட்டிருந்தாரு, "தம்பி, அந்த எக்செல் இருந்தா கொஞ்சம் அனுப்புங்களேன்."