மொட்டை மாடியா, சத்தே தெருவா?

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஐந்து பேரும் எங்கே போய்ச் சாப்பிடுவது என்று இரண்டு வாரம் பேசினோம். அத்தானுக்கு லாவ் பா சாட் உணவுச் சந்தைப் பக்கத்துச் சத்தே தெரு: சத்தே என்றால் குச்சியில் குத்திக் கரியில் சுட்ட இறைச்சி. எனக்குச் சிங்கப்பூர் ஆற்றோரத்து மொட்டை மாடி உணவகம் ஒன்று: ஆசியச் சுவையில் சின்னச் சின்னத் தட்டுகள், நடுவில் வைத்து எல்லாரும் எடுத்துக்கொள்வது. கடைசியில் மாடிக்குத்தான் போனோம். மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சத்தே தெருவைக் குறை சொல்ல மனசு வராது. சாயங்காலம் பூன் டாட் ஸ்திரீட்டில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு நடுத்தெருவில் மேசை போடுவார்கள். கரிப்புகை, கடலைக் குழம்பு, பக்கத்திலேயே 1894இல் வார்ப்பிரும்பால் எழுந்த லாவ் பா சாட். செலவும் குறைவு. மாடியிலோ பட்டியல் விலைக்கு மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணம், அந்தத் தொகைக்கும் சேர்த்து 9 சதவீத ஜிஎஸ்டி. 200 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சாப்பிட்டால் 239 வெள்ளி 80 காசு.

ஆனால் அம்மா சைவம். போன வருஷம் சத்தே தெருவில் நாங்கள் நாலு பேரும் கோழியும் ஆடுமாகச் சாப்பிட, அம்மா சந்தைக்குள்ளே போய் வரிசையில் நின்று தனித் தட்டு வாங்கி வந்தார். அதற்குள் எங்கள் குச்சிகள் காலி. மாடியில் நாங்கள் எடுத்த ஏழு தட்டில் ஐந்து சைவம். அம்மா காளான் பாவ் என்ற ஆவியில் வெந்த ரொட்டியைப் பிட்டு, பாதியை அக்கா மகன் வாயில் ஊட்டினார். எனக்கு அது போதும்.

சைவம் விஷயத்தில் ஒன்று. காய்கறி என்று போட்டிருந்தாலே சைவம் ஆகிவிடாது. ஜப்பானியச் சமையலின் டாஷி என்ற அடிப்படைச் சாற்றில் பெரும்பாலும் மீன் சீவல் இருக்கும், வதக்கிய கீரையில் சிப்பிச் சாறு, தாய்லாந்து சாலட்டில் மீன் சாறு. முன்பதிவின்போதே சொல்லியிருந்தேன். அப்படியும் டோஃபு மேலே மீன் சீவல் சூட்டில் நெளிந்தபடி வந்தது. திருப்பிக் கொடுத்ததும் புதிதாகவே செய்து கொண்டுவந்தார்கள். மேசையில் உட்கார்ந்ததும் இன்னொரு முறை சொல்லிவிடுங்கள். தட்டுக்கு எத்தனை துண்டு என்றும் கேளுங்கள். பாவ் மூன்றுதான், எங்கள் ஐந்து பேருக்கு இரண்டு தட்டு தேவைப்பட்டது.

இதெல்லாம் மழையில்லாத ஒரே ஒரு மாலையை வைத்துச் சொல்வது. எட்டு மணிக்கு மேல் பாட்டுச் சத்தம் கூடி, அம்மா பக்கம் குனிந்துதான் பேச முடிந்தது. பெரியவர்களோடு போவதென்றால் ஆறரைக்கே போய்விடுங்கள். அத்தானும் நானும் மட்டும் என்றால், சரி, சத்தே தெருதான்.