கிளட்ச் கவரில் ஆயில் கசிவு: பேக்கிங்கா, பேஸ்ட்டா, கெட்டி ஆயிலா?

இன்ஜினின் பக்கவாட்டுக் கவரைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, மேலே வால்வுகளைத் திறக்கும் டேப்பட் பக்கத்திலிருந்து 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் பழகிய பைக்கில் இரண்டும் சேர்ந்தே வரும். யாரிடம் கேட்டாலும் ஒரு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் கவருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் காகிதப் பேக்கிங்கை மாற்றச் சொல்வார். இன்னொருவர் சிலிக்கான் பேஸ்ட்டைப் பூசி மூடு என்பார். எதையும் கழற்ற வேண்டாம், கெட்டியான ஆயிலை ஊற்று, கசிவும் சத்தமும் தானாக அடங்கும் என்பார் மூன்றாமவர். என் வண்டிக்கு நான் பேக்கிங்தான் போட்டேன். பேஸ்ட் பூசிய இன்ஜின்களையும் திறந்து பார்த்திருக்கிறேன். அதனால் இங்கே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எதைச் செய்வதானாலும் கசிவது எங்கே என்று முதலில் தெரிய வேண்டும். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிவிடும், மீதி தானாகக் கீழே இறங்கிவிடும். ஆகவே ஈரமாகத் தெரியும் இடங்களில் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். இன்ஜினை டிகிரீசர் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டு ஒரு சுற்று போய் வந்தால் பவுடரில் கோடு விழுந்து காட்டிக்கொடுக்கும். ஆயில் அளவுக்கு மேல் இருந்தாலோ உள்ளே சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் ஹோஸ் மடங்கியோ அடைத்தோ கிடந்தாலோ உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல பேக்கிங் வழியாகக்கூடக் கசியும். அப்போது கவரைக் கழற்றுவது வீண் வேலை. கவர் போல்ட்டுகளை ஒருமுறை அளவாக இறுக்கிப் பார்ப்பதும் இதில் சேர்த்தி. சில சமயம் கதை அதோடு முடிந்துவிடும். முன் ஸ்ப்ராக்கெட் பக்கம் கறுப்பாகப் பிசுபிசுப்பது பெரும்பாலும் செயினுக்கு அடித்த லூப் (மசகு). அங்கே உண்மையாகவே ஆயில் கசிந்தால் அது தண்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் ஆயில் சீலை மாற்றும் வேலை. சுழலும் தண்டைச் சுற்றிப் பேஸ்ட் பூசி எதையும் நிறுத்த முடியாது.

கெட்டி ஆயில் யோசனையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டேப்பட் சத்தம் பெரும்பாலும் வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளி கூடியதால் வருவது. கெட்டி ஆயில் அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும், இடைவெளியைக் குறைக்காது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது மேலே ராக்கரை அசைக்கும் கேம் வரை ஆயில் போய்ச் சேரவும் தாமதமாகும். கசிவு நிறுத்தி என்று விற்கும் திரவங்கள் பெரும்பாலும் ரப்பர் சீலை ஊதவைத்து வேலை செய்பவை. காகிதப் பேக்கிங்குக்கு அவற்றால் என்ன பயன்? போதாக்குறைக்கு, பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில்தான் நனைகிறது. பைக் ஆயிலுக்கு ஜாஸோ (ஜப்பானியத் தர அமைப்பு) எம்ஏ, எம்ஏ2 என்று தனித்தரம் வைத்திருப்பதே கிளட்ச் வழுக்கக் கூடாது என்பதற்காகத்தான். அந்த ஆயிலில் கண்ட திரவத்தையும் கலக்க எனக்கு மனம் வராது. கையேட்டிலேயே வெயில் காலத்துக்குக் கெட்டியான கிரேடை அனுமதித்திருந்தால் தாராளமாக ஊற்றலாம். அதைக் கசிவுக்கு மருந்தாக நினைக்க வேண்டாம்.

சும்மா விட்டுவிடுவதும் ஒரு வழிதான். துடைத்தால் ஒரு வாரம் கழித்து மறுபடி லேசாக ஈரம் தெரிகிறது, ஆயில் மட்டம் இறங்கவில்லை என்றால் நான் கைவைக்க மாட்டேன். சொட்டினாலோ, பின் டயர் பக்கமோ சைலன்ஸர் குழாய் பக்கமோ எண்ணெய் போனாலோ தள்ளிப்போடக் கூடாது.

இனி பேஸ்ட். அதன் நல்லதை மறைக்க வேண்டியதில்லை. சாமானுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே கிடைக்கும், பரப்பில் உள்ள சின்னக் கீறலையும் நிரப்பிவிடும். பல இன்ஜின்களில் கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளைச் சேர்ப்பதற்குத் தயாரிப்பாளரே காகிதம் வைப்பதில்லை, திரவப் பேக்கிங் மட்டும்தான். ரப்பர் பேக்கிங் உள்ள கேம் கவர்களில் அரைவட்ட மூலைகளில் மட்டும் துளி பேஸ்ட் வைக்கச் சொல்லும் கையேடுகளும் உண்டு. அங்கெல்லாம் பேஸ்ட்தான் சரி. காகிதப் பேக்கிங் இருந்த இடத்தில் அதைத் தூக்கிவிட்டுப் பேஸ்ட்டை மட்டும் நம்புவதுதான் எனக்கு ஒத்துவராதது.

காரணம், அந்தக் கவரை மறுபடி திறந்தே ஆக வேண்டும். கிளட்ச் பிளேட் தேயும், திறப்பீர்கள். பல பைக்குகளில் ஆயில் சல்லடையைச் சுத்தம் செய்யவும் அதே கவரைத்தான் கழற்ற வேண்டும். டேப்பட் மூடியோ குறிப்பிட்ட ஓட்டத்துக்கு ஒருமுறை திறந்தே ஆக வேண்டியது. இன்றைக்குக் கசிவு நின்றதா என்று பார்த்தால் பேக்கிங்கும் பேஸ்ட்டும் சமம். வித்தியாசம் தெரிவது அடுத்த தடவை.

பேஸ்ட் பூசிய கவர் எளிதில் பிரியாது. ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள், அசையாது. பிறகு இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்புவார்கள். அலுமினியம் மெத்தென்ற உலோகம், ஒரே நெம்பலில் பள்ளம் விழும். அந்தப் பள்ளம்தான் அடுத்த கசிவு. அதை மூட இன்னும் தடிமனாகப் பேஸ்ட் பூசுவார்கள். வட்டம் முடியாது.

இதைவிடப் பெரிய பிரச்சினை கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் இருக்கிறது. போல்ட்டை இறுக்கும்போது வெளியே பிதுங்குகிற அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும். வெளியே வந்ததைத் துடைத்துவிடலாம். உள்ளே போனதை என்ன செய்வது? அப்படி மூடிய கவரைக் கழற்றினால் விளிம்பின் உட்பக்கம் முழுக்கப் புழுப்போலக் கறுப்பு இழைகள் தொங்கும். நகத்தால் தொட்டாலே சில கையோடு வந்துவிடும். சூடான ஆயில் ஓடிக்கொண்டிருக்கையில் அவை தானே பிய்ந்து போகாமல் இருக்குமா? பிய்ந்தது பம்ப்புக்கு முன்னால் உள்ள சல்லடையில் போய் ஒட்டும், ஆயில் வரத்து குறையும். பம்ப்பிலிருந்து தூரத்தில், உச்சியில் இருப்பது கேமும் ராக்கரும். பட்டினி முதலில் அங்கேதான் தெரியும், சத்தமாக. கீழே கசிவை அடைக்கப் பூசியது மேலே டேப்பட் சத்தமாக வந்து நிற்கக்கூடும் என்று பேஸ்ட்டைச் சிபாரிசு செய்பவர்கள் சொல்வதில்லை.

தடிமன் கணக்கும் உண்டு. காகிதத்தை எடுத்துவிட்டால் கவர் அந்த அளவுக்கு உள்ளே போகும். சில இன்ஜின்களில் கவருக்குள் முட்டி நிற்கும் தண்டுகளின் ஆட்ட இடைவெளி அந்தத் தடிமனை நம்பித்தான் இருக்கிறது. சிலிண்டர் அடிப் பேக்கிங்கில் இப்படிச் செய்தால் கம்ப்ரஷனே மாறிவிடும். அங்கே பேச்சே இல்லை.

பேக்கிங் மாற்றுவது இதைவிடப் பொறுமை கேட்கும் வேலை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாதி நேரம் பழைய காகிதத்தைச் சுரண்டுவதிலேயே போகும். கார்புரேட்டர் கிளீனரை அடித்து ஊறவிட்டு, மரத்துண்டாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ சுரண்ட வேண்டும். கம்பி பிரஷ் ஆகாது. போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றிய போல்ட்டை அந்தந்த இடத்தில் குத்தி வைத்தால் குழப்பம் இல்லை. செம்பு வாஷரோடு வந்த போல்ட் அதே ஓட்டைக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். கவரைச் சரியான இடத்தில் நிறுத்தும் டவல் பின்கள் இரண்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, புதுப் பேக்கிங்கின் ஒரு பக்கம் மட்டும் லேசாகக் கிரீஸ் தடவி வைத்தால் அடுத்த முறை கிழியாமல் பிரியும். இறுக்கும்போது எதிரெதிராக, படிப்படியாக. ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். டி ஸ்பானரில் தோள்பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

மேலே டேப்பட் மூடியைத் திறக்கும் சாக்கில் இடைவெளியையும் பார்த்துவிடலாம். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்க வேண்டும். காற்றில் குளிரும் பல சிறிய இன்ஜின்களில் ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரை வரும். உங்கள் கையேட்டு எண்தான் உங்களுக்குக் கணக்கு. சத்தமே கேட்கக் கூடாது என்று இறுக்கிவிட்டால் வால்வு முழுதாக உட்காராது, சூட்டைச் சீட்டுக்குக் கொடுக்க முடியாமல் கருகும். லேசான டிக் சத்தம் நல்லதுதான். சத்தம் டேப்பட்தானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். கிளட்ச் லீவரைப் பிடித்ததும் நின்றால் அது கிளட்ச் பக்கம். கிளப்பியவுடன் பலமாக அடித்து, சூடேறக் குறைந்தால் சைலன்ஸர் குழாய் ஹெட்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே கரி படிந்திருந்தால் புகைதான் ஓட்டை வழியாக டிக் டிக் என்கிறது.

இரண்டு இடங்களில் என் அனுபவம் குறைவு. ஒன்று, அனேரோபிக் வகைப் பசை. காற்றில்லாத இடத்தில், உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் மட்டுமே இறுகும். உள்ளே பிதுங்கியது இறுகாமல் ஆயிலோடு கரைந்துவிடும். சிலிக்கானைப் பற்றி நான் சொன்ன பெரிய குறை இதற்கு இல்லை. சமமாகக் கடைந்த பரப்புகளுக்கு நல்ல பொருள் என்றே தோன்றுகிறது, ஆனால் அதிகம் பயன்படுத்திப் பார்த்ததில்லை. இன்னொன்று, பேக்கிங்கே கிடைக்காத பழைய வண்டிகள். அதே தடிமனில் பேக்கிங் ஷீட் வாங்கி வெட்டிப் போட்டது எனக்குக் கசியவில்லை. வருடக்கணக்கில் தாங்குமா என்று உறுதி சொல்லும் அளவுக்கு ஓட்டவில்லை.

வேறு வழியில்லை, பேஸ்ட்தான் என்றால் புளித்த காடி வாசனை அடிக்கும் வகையை விட்டுவிட்டு இன்ஜினுக்கென்றே வரும் வகையை வாங்குங்கள். எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைத்து, ஒரு பக்கம் மட்டும், விரலால் தடவிய மெல்லிய படலமாக. ஆயில் துளைகளின் ஓரம் தொடவே வேண்டாம். மூடிய பிறகு முழுதாக இறுக 24 மணி நேரம் ஆகும். அதுவரை ஆயில் ஊற்ற வேண்டாம், கிளப்பவும் வேண்டாம்.