தும்மும் கினிப்பன்றிக்குக் காகிதக்கூழ் படுக்கை: வாங்கலாமா?

மரத்தூள் போட்ட கூண்டில் கினிப்பன்றி தும்மிக்கொண்டே இருந்தால், காகிதக்கூழ் படுக்கைக்கு (காகிதக்கூழைக் காயவைத்துச் செய்த மென்துண்டுகள்) செலவழிக்கும் காசு வீண் இல்லை. மரத்தூளின் நுண்துகள் நேராக மூக்கில் ஏறும். சிடார், பைன் சீவல்களில் உள்ள வாசனை எண்ணெய்கள் மூச்சுப் பாதையை உறுத்தும். காகிதக்கூழில் அந்த எண்ணெய்கள் கிடையாது. ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும்.

ஆனால் பையில் 'தூசி இல்லை' என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அடியில் பொடி தேங்கும். பையைக் கூண்டுக்கு மேல் கவிழ்க்காமல், வேறு அறையில் கையால் அள்ளி, பெரிய கண் சல்லடையில் உதறி, 5 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். வாசனை சேர்த்த வகை வேண்டவே வேண்டாம்.

பெரிய குறை வேறொன்று. மேற்பரப்பு காய்ந்ததுபோல் தெரியும்போதே, அடியில் சிறுநீரிலிருந்து அமோனியா கிளம்பிக்கொண்டிருக்கும். மூக்கு எரிச்சலுக்கு அது ஒன்றே போதும். உங்கள் முகத்தைக் கூண்டின் தரைமட்டத்துக்குக் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். கினிப்பன்றி சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான். நனைந்த மூலைகளைத் தினமும், முழுப் படுக்கையை வாரம் ஒருமுறையாவது மாற்றுங்கள். உதறாத காய்ந்த புல்லும் தும்மலைக் கிளப்பும்.

எப்போதாவது வரும் ஒற்றைத் தும்மல் இயல்பு. மூக்கில் சளி, கண்ணில் பிசுக்கு, மூச்சில் கரகரப்பு, தீனியில் மந்தம் தெரிந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். கிருமித்தொற்றைப் படுக்கை தீர்க்காது. வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து, உயிரையே பறித்துவிடக்கூடும்.