மாநிலத்துக்கு ஓரவையா, ஈரவையா?

மேலவை வேண்டுமா வேண்டாமா எனத் தயங்குவோருக்காக, சட்டப்பேரவை மட்டுமே உள்ள (ஓரவை) தமிழ்நாட்டையும், அதோடு மேலவை என்னும் இரண்டாம் அவையும் உள்ள (ஈரவை) கர்நாடகத்தையும் ஒப்பிடுகிறேன்.

அளவு: தமிழ்நாட்டில் பேரவைக்கு 234 உறுப்பினர்கள், கர்நாடகத்தில் பேரவைக்கு 224 பேர், மேலவைக்கு 75 பேர். செலவு எங்கே கூடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பொறுப்பு: இரண்டிலும் அமைச்சரவை பேரவைக்கே கூட்டாகப் பொறுப்பேற்கிறது, மேலவையால் அரசைக் கவிழ்க்க முடியாது.

சட்டமியற்றல்: தமிழ்நாட்டில் பேரவை நிறைவேற்றிய மசோதா நேரே ஆளுநரிடம் செல்கிறது. கர்நாடகத்தில் மேலவை, சாதாரண மசோதாவை முதலில் மூன்று மாதமும், பேரவை அதை மீண்டும் நிறைவேற்றினால் மேலும் ஒரு மாதமும் தாமதப்படுத்தலாம். வரி, அரசுச் செலவு போன்றவை பற்றிய பண மசோதாவையோ 14 நாட்கள் மட்டுமே வைத்திருக்கலாம். ஆகவே மேலவைக்கு உள்ளது காலந்தாழ்த்தும் அதிகாரமே.

நிலைப்பு: பேரவை ஐந்தாண்டுக்கு உட்பட்டது, மேலவை கலைக்கப்படுவதில்லை என்றாலும், பேரவையின் தீர்மானத்தின்பேரில் நாடாளுமன்றம் அதை அடியோடு நீக்கலாம். தமிழ்நாட்டில் 1986-இல் அதுவே நடந்தது.

மேலவை உறுப்பினர்களில் ஒரு பகுதியினரை ஆசிரியர், பட்டதாரி, உள்ளாட்சி உறுப்பினர் ஆகியோர் தேர்ந்தெடுப்பதால், இவர்களுக்குத் தனிக் குரல் வேண்டுமென நினைக்கும் மாநிலத்துக்கு ஈரவை பொருந்தும். சட்டங்களை நுணுகி ஆராய்வது மட்டுமே நோக்கமென்றால், ஓரவையை வைத்துக்கொண்டு அதன் குழுக்களை வலுப்படுத்துவதே மேல் என்பது என் கருத்து.