எது ஐந்து மில்லி? குழந்தைகளுக்கான நான்கு ஆன்டிபயாடிக் சிரப்புகள்

"போன தடவை கொடுத்த அதே ஆன்டிபயாடிக் கொடுங்கள், ஐந்து மில்லி போதும்." மருந்துக்கடையில் நிற்கிறவன் என்ற முறையில் இதை நான் கேட்காத வாரம் இல்லை. அஜித்ரோமைசின் சிரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டிலில் 5 மில்லிக்கு 100 மி.கி. மருந்து, இன்னொன்றில் 200 மி.கி. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 12 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் 120 மி.கி. என்றால், முதலாவதில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. எனவே எது "பவர்" அதிகம் என்று நான் ஒப்பிடுவதில்லை. எதில் அளவு தவற வாய்ப்பு அதிகம், தவறினால் என்ன ஆகும் என்றே பார்க்கிறேன். மருந்தைத் தேர்ந்தெடுப்பது மருத்துவர் வேலை. இங்குள்ள கணக்குகள் சீட்டைப் புரிந்துகொள்ள மட்டுமே; மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தைக்கும் இவை பொருந்தா.

என் ஓட்டு அமாக்சிசிலினுக்குத்தான். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியின் தொற்று என்றால் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 50 மி.கி., பத்து நாள். காதுத் தொற்றுக்கும் நிமோனியாவுக்கும் 80 முதல் 90 மி.கி. வரை. இவ்வளவு அகலமான வரம்பு இருப்பதே அதன் பாதுகாப்புக்குச் சாட்சி. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் மட்டும் தொடவே கூடாது. இங்கே அளவு கூடுவதைவிடக் குறைவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதே 12 கிலோ குழந்தைக்கு 80 மி.கி. வீதம் நாளுக்கு 960 மி.கி.; இரண்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 480. 5 மில்லிக்கு 250 மி.கி. உள்ள சிரப்பில் அது 9.6 மில்லி. "இத்தனையா!" என்று பதறிப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். உடலை விட்டு விரைவில் வெளியேறும் மருந்து இது. வேளை தவறினாலும் பலன் குறையும்.

அமாக்சிசிலினைக் கிருமிகள் சிதைக்காமல் காக்கும் கிளாவுலனிக் அமிலம் அதனோடு சேர்ந்த சிரப்பில்தான் சிக்கல் அதிகம். 228.5, 457, 642.9 என்று பெட்டிமேல் இருப்பது இரண்டு மருந்துகளின் கூட்டுத்தொகை. 457 என்றால் அமாக்சிசிலின் 400, கிளாவுலனிக் அமிலம் 57. 642.9 என்றால் 600, 42.9. நம் 12 கிலோ குழந்தைக்கு 90 மி.கி. வீதம் வேளைக்கு 540 மி.கி. அமாக்சிசிலின் தேவை என்று வையுங்கள். 457-இல் அது 6.75 மில்லி, நாளுக்கு 154 மி.கி. கிளாவுலனிக் அமிலம் கூடவே போகும். 642.9-இல் 4.5 மில்லி, அமிலமோ 77 மி.கி.தான். அமாக்சிசிலின் ஒன்றே, அமிலம் மட்டும் இரட்டிப்பு. அமிலம் கூடினால் வயிற்றுப்போக்கும் கூடும்; குழந்தைக்கு அது கண்டதும் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். சாப்பிடத் தொடங்கும்போது கொடுத்தால் வயிறு கொஞ்சம் தாங்கும்.

செஃபிக்ஸிம் வழக்கமாக நாளுக்குக் கிலோவுக்கு 8 மி.கி. டைபாய்டுக்கு 20 மி.கி. வரை போவார்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியிடம் அதன் ஜம்பம் பலிக்காது. அதனால் சீழ்க்கொப்புளத்துக்கு உதவாது.

அஜித்ரோமைசினின் கவர்ச்சி, நாளுக்கு ஒரு வேளை, மூன்றே நாள் என்பது. மருந்து திசுக்களில் நாள்கணக்கில் தங்குவதால் அது சாத்தியம். கக்குவானுக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் நிமோனியாவுக்கும் பொருத்தமானது. ஆனால் நிமோனியாவுக்கு முக்கியக் காரணமான நிமோகாக்கஸ் கிருமிகளில் பல அதற்கு மசிவதில்லை. இதயத் துடிப்பின் லயத்தையும் அது பாதிக்கக்கூடும். குழந்தைக்கு இதயக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அமாக்சிசிலினும் கிளாவுலனிக் சேர்ந்ததும் எளிதில் கிடைக்க வேண்டியவை. செஃபிக்ஸிமும் அஜித்ரோமைசினும் கண்காணித்துப் பயன்படுத்த வேண்டியவை. சாதாரண வைரஸ் சளிக்கு நான்குமே தேவையில்லை.

தண்ணீர் கலக்கிய பிறகு கிளாவுலனிக் சிரப்பு ஃபிரிட்ஜில் ஏழு நாள்தான் தாங்கும். பொடியாக வரும் சிரப்பில் ஆறிய வெந்நீரைப் பாட்டிலில் உள்ள அளவுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் மட்டம் இறங்கியிருக்கும். மறுபடியும் கோடுவரை ஊற்ற வேண்டும். அதை விட்டுவிட்டால் மருந்து கெட்டியாகி, ஒவ்வொரு மில்லியிலும் மி.கி. கூடிவிடும். வீட்டு ஸ்பூனையும் நம்பாதீர்கள். அளவுகோடிட்ட சிரிஞ்சு கடையிலேயே கிடைக்கிறது.